தட்டிலும் தண்ணீரிலும் சாதி: சுடுமண்ணில் சாட்சி சொல்லும் தலித் கலை

புதுதில்லி:

தலைநகரில் இயங்கும் தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆய்வு மன்றம், அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 2011-12ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் 42 ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் ஓர் ஆய்வை நடத்தியது. வருமானம், கல்வி, உடல்நலம் பற்றிய ஏராளமான கேள்விகளுக்கு நடுவே தீண்டாமை பற்றியும் அதில் கேட்கப்பட்டது. உங்கள் வீட்டில் யாரேனும் தீண்டாமை பார்க்கிறீர்களா என்பது முதல் கேள்வி. இல்லை என்று பதில் சொன்னவர்களிடம் இன்னொரு கேள்வி வைக்கப்பட்டது. பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தாலோ, உங்கள் பாத்திரங்களைப் பயன்படுத்தினாலோ பரவாயில்லையா?

இந்த இரண்டு கேள்விகளில் ஏதேனும் ஒன்றில் தீண்டாமையை ஒப்புக்கொண்ட குடும்பங்கள் நூற்றுக்கு 27. கிராமப்புறங்களில் இது 30, நகரங்களில் 20. இவை வெளிப்படையாக ஒப்புக்கொண்டவர்களின் கணக்கு மட்டுமே. கொள்கையைப் பற்றிக் கேட்டபோது தப்பித்துக் கொண்டவர்களில் ஒரு பகுதியினர், குவளையைப் பற்றிக் கேட்டபோது அகப்பட்டுக் கொண்டனர் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

சட்டமும் இதை அறியாததல்ல. அரசமைப்பின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. அதைச் செயல்படுத்த 1955இல் இயற்றப்பட்டு, 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் எனப் பெயர் மாற்றப்பட்ட சட்டத்தின் 4ஆவது பிரிவு, உணவகங்களிலும் சத்திரங்களிலும் பொதுமக்களுக்காக வைக்கப்பட்டுள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பதைத் தனியே பெயர் சொல்லிக் குற்றமாக்குகிறது. ஆறு, ஊற்று, கிணறு, குளம், குழாய் ஆகியவையும் அதே பிரிவில் வரிசையாக இடம்பெறுகின்றன. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றங்களைப் பட்டியலிடத் தொடங்கும்போது முதலில் நிற்பதும் வாய் பற்றியதே: உண்ணத் தகாத, அருவருப்பான பொருளைத் தின்னவோ குடிக்கவோ கட்டாயப்படுத்துவது. சாதி எங்கே குடியிருக்கிறது என்று நாடாளுமன்றம் தேடியபோது அதன் கண்ணில் பட்டவை பாத்திரமும் தண்ணீரும் வாயும்தான்.

புனேயைச் சேர்ந்த ராஜ்யஸ்ரீ கூடி என்ற கலைஞரின் படைப்புகள் இதே மூன்றையும் சுற்றியே அமைந்துள்ளன. அம்பேத்கரியப் பின்னணி கொண்ட தலித் கலைஞரான இவர், புனே பெர்குசன் கல்லூரியில் சமூகவியலும், இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் காட்சி மானுடவியலும் படித்தவர். பின்னர் ஆம்ஸ்டர்டாமில் உள்ள ரைக்ஸ் அகாடமியில் தங்கிப் பணிபுரிந்தார். உணவுப் பொருள்களின் உருவங்களைக் களிமண்ணில் வனைந்து, சூளையில் சுட்டு, அவற்றுடன் தலித் தன்வரலாறுகளிலிருந்து உருவாக்கிய ‘சமையல் குறிப்பு’களையும் பார்வையாளர் முன் வைப்பது இவருடைய முறை. ஊர்வலமோ முழக்கமோ ரத்தமோ இந்தப் படைப்புகளில் முன்னிற்பதில்லை. உணவு இருக்கிறது, உண்ண முடியாத உணவு.

மண் எனும் சாட்சி

இந்தக் கலைக்கு மண்ணைத் தேர்ந்தெடுத்தது தற்செயலாகத் தோன்றலாம். ஆனால் இந்தியச் சாதி வரலாற்றில் களிமண்ணைப் போல இழிவு சுமத்தப் பயன்பட்ட பொருள் வேறொன்று இருக்குமா என்பது சந்தேகமே. அதிலும் புனேயிலிருந்து வரும் ஒருவருக்கு மண்கலயம் என்பது வெறும் கலயமாக இருக்க முடியாது.

லாகூரில் 1936இல் நிகழ்த்துவதற்காக எழுதப்பட்டு, மாநாட்டுக் குழுவினர் பின்வாங்கியதால் நிகழ்த்தப்படாமலே போன ‘சாதி ஒழிப்பு’ உரையில், பேஷ்வாக்கள் ஆண்ட காலத்துப் புனேயில் தீண்டப்படாதோர் எப்படி நடமாட வேண்டியிருந்தது என்பதை அம்பேத்கர் விவரிக்கிறார். காலடித் தடத்தை அழிக்க இடுப்பில் ஒரு துடைப்பம். எச்சில் தரையில் விழாதிருக்கக் கழுத்தில் ஒரு மண்கலயம். நாக்பூரில் பிறந்து தில்லிக் கலைக் கல்லூரியில் ஆசிரியராகப் பணியாற்றிய ஓவியர் சவி சாவர்க்கர், இந்தக் கலயத்தையும் துடைப்பத்தையும் தமது ஓவியங்களிலும் செதுக்கச்சுகளிலும் மீண்டும் மீண்டும் வரைந்திருக்கிறார். தலைநகரின் கலை உலகம் அவற்றைப் பார்த்து முகம் சுளித்த காலமும் உண்டு. வரையப்பட்ட கலயத்துக்கும் வனையப்பட்ட உணவுக்கும் இடையே ஒரு தலைமுறை இடைவெளி உள்ளது. ஆயினும் இரண்டும் ஒரே கணக்கின் அடுத்தடுத்த வரிகள்.

எச்சிலுக்கு ஏன் மண்கலயம்? விடை மண்ணின் இயல்பிலேயே இருக்கிறது. ஆயிரம் டிகிரி வெப்பத்தை ஒட்டிச் சுடப்படும் சாதாரண மட்பாண்டத்தின் உடல் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. ஊற்றியதை அது உறிஞ்சிக்கொள்ளும். கோடையில் பானைத் தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதற்குக் காரணமான அதே துளைகள்தாம் சாதி ஆசாரத்துக்கு அச்சமூட்டின. வெண்கலத்தையும் பித்தளையையும் புளியோ சாம்பலோ இட்டுத் தேய்த்துத் ‘தூய்மை’யாக்கிவிடலாம், மண்ணை அப்படித் தேய்க்க முடியாது. மனுஸ்மிருதியின் 5ஆவது அத்தியாயம் இதற்கென்றே விதி வகுத்திருக்கிறது. தீட்டுப்பட்ட மட்பாண்டத்தை மீண்டும் நெருப்பிலிட்டால் தூய்மையாகும். ஆனால் எச்சிலோ மலசலமோ இரத்தமோ பட்டதென்றால் நெருப்பாலும் தூய்மையாகாது என்கிறது அது. ஆகவே மண்பாத்திரம் இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும்: ஒருவருக்கே உரியதாக, அல்லது ஒருமுறைக்கே உரியதாக.

வட இந்திய ரயில் நிலையங்களில் தேநீர் குடித்துவிட்டு வீசி உடைக்கும் ‘குல்ஹட்’ மண்குவளை இந்த இரண்டாவது வகையின் வாரிசு. 2004இல் ரயில்வே அமைச்சராகப் பொறுப்பேற்ற லாலு பிரசாத், குயவர்களுக்கு வேலைவாய்ப்புத் தரவும் பிளாஸ்டிக்கை ஒழிக்கவும் அதை நிலையங்களுக்குத் திரும்பக் கொண்டுவந்தார். சில ஆண்டுகளில் அது மறைந்தது. 2020இல் அப்போதைய ரயில்வே அமைச்சர் பியூஷ் கோயல், 400 நிலையங்களில் குல்ஹட் தேநீர் கிடைப்பதாகவும் எல்லா நிலையங்களுக்கும் விரிவாக்கப்படும் என்றும் அறிவித்தார். இரு அரசுகளும் சுற்றுச்சூழலைப் பேசின. குயவரின் பிழைப்பைப் பேசின. நல்ல காரணங்களே. ஆனால் இன்னொருவர் வாய் வைத்த குவளையைக் கழுவிப் பயன்படுத்துவதை விட உடைத்துவிடுவதே மேல் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை யாரும் பேசவில்லை. தில்லியின் நவீனத் தேநீர்க் கடைகளில் இன்று அதே குவளை ‘மண்வாசனை’ என்ற பெயரில் கூடுதல் விலைக்கு விற்கிறது.

முதல் வகையும் அழிந்துவிடவில்லை. குஜராத் கிராமங்களில் தலித்துகளுக்கென்று தனியே எடுத்துவைக்கும் குவளைக்கும் தட்டுக்கும் ‘ராம்பாத்ர’ என்று இராமனின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். தமிழகத் தேநீர்க் கடைகளின் இரட்டைக் குவளையையும் அதற்கு முந்தைய கொட்டாங்குச்சியையும் அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அங்கே கடவுள் பெயர் சூட்டும் சிரமத்தை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

108 பானைகள்

தண்ணீரை இயற்கை என்கிறோம். அது மேலிருந்து விழுகிறது, பள்ளம் நோக்கி ஓடுகிறது, யாரையும் கேட்பதில்லை. அதற்குச் சாதி ஏற்றுவதற்குச் சடங்கு தேவைப்படுகிறது. அந்தச் சடங்கும் மண்பானைகளைக் கொண்டே நடந்தது என்பது மகாட் வரலாற்றில் பலரும் கடந்து சென்றுவிடும் செய்தி.

பம்பாய் மாகாணத்தின் கொலாபா மாவட்டத்தில் (இன்றைய ராய்கட்) மகாட் நகராட்சி, பொதுக் குளங்களைத் தீண்டப்படாதோருக்கும் திறந்துவிடத் தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. தீர்மானம் தாளில் கிடந்தது. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் ஊர்வலமாகச் சென்று சவுதார் குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். அடுத்து அவர்கள் வீரேஸ்வரர் கோயிலுக்குள் நுழையப் போகிறார்கள் என்ற வதந்தி கிளப்பப்பட்டது. மாநாட்டுப் பந்தலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மீது தாக்குதல் நடந்தது. சோற்றைக் கொட்டி மண்ணோடு கலந்தார்கள், பாத்திரங்களை நொறுக்கினார்கள். ஆட்களை அடிக்க வந்தவர்கள் சோற்றையும் பாத்திரத்தையும் ஏன் அடிக்க வேண்டும் என்ற கேள்விக்கு விடை தெரிந்தால் இந்தக் கட்டுரையே தேவைப்படாது.

அதன் பிறகு குளத்தைத் ‘தூய்மை’ப்படுத்தினார்கள். தயிர், பால், சாணம், கோமியம் ஆகியவற்றை 108 மண்பானைகளில் நிரப்பி, வேத மந்திரங்கள் ஓத, குளத்தில் கொட்டினார்கள். மனிதர் கை பட்ட தண்ணீர் அசுத்தம், சாணம் பட்ட தண்ணீர் சுத்தம் என்று ஆயிற்று. அதே ஆண்டு டிசம்பர் 25 அன்று மகாடில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. குளத்தின் மீதான வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றம் வரை சென்று, 1937 மார்ச்சில்தான் தீண்டப்படாதோருக்குச் சாதகமாக முடிந்தது. ஒரு வாய்த் தண்ணீருக்குப் பத்து ஆண்டுகள்.

ராஜ்யஸ்ரீ கூடி 2017இல் உருவாக்கிய ‘தண்ணீரின் சாதி என்ன?’ என்ற படைப்பு இந்த 108 என்ற எண்ணைத்தான் எடுத்துக்கொள்கிறது. பானைகளுக்குப் பதிலாக, நாம் அன்றாடம் தண்ணீர் குடிக்கும் கண்ணாடிக் குவளைகளில் பசுவின் பொருள்களை வைத்தார் அவர். குளத்தில் கொட்டியபோது புனிதமாகத் தோன்றியதைக் குடிக்கும் குவளையில் பார்க்கும்போது என்ன தோன்றுகிறது என்பதைப் பார்ப்பவரிடமே விட்டுவிடுகிறது அந்தப் படைப்பு. வாதம் எதுவும் இல்லை. எண்ணிக்கை மட்டும் சரியாக இருக்கிறது.

எச்சில் பூரியின் செய்முறை

உணவுப் படைப்புகளுக்கு வருவோம். தன்வரலாறுகளில் உணவைப் பற்றி வரும் பகுதிகளை எடுத்து, அவற்றில் உள்ள ‘நான்’ என்பதை நீக்கிவிட்டு, சமையல் புத்தகங்களின் கட்டளை நடையில் ‘நீ’ என்று மாற்றி எழுதுகிறார் ராஜ்யஸ்ரீ. சமையல் குறிப்பு என்பது வழக்கமாக வசதியின் இலக்கியம். இத்தனை கரண்டி நெய், இத்தனை கிராம் முந்திரி என்று தொடங்குவது. அந்த வடிவத்துக்குள் பசியை ஊற்றினால் என்னவாகும் என்பதே இங்கே சோதனை. வாசிப்பவர் இரக்கப்படுவதற்கு இடமில்லை. அவரே அடுப்பு மூட்டியாக வேண்டும்.

எத்தகைய பகுதிகள் என்பதற்கு ஒரு நூலைப் பார்த்தால் போதும். உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தில் பர்லா கிராமத்தில் பிறந்த ஓம்பிரகாஷ் வால்மீகியின் ‘ஜூட்டன்’ 1997இல் இந்தியில் வெளிவந்தது. தலைப்புக்கு எச்சில் என்று பொருள். திருமண வீட்டு வாசலில் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்கள் கூடைகளுடன் காத்திருப்பார்கள். மாப்பிள்ளை வீட்டார் உண்டு முடித்த இலைகளில் மிஞ்சியவை அந்தக் கூடைகளில் விழும். பூரித் துண்டுகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, காக்கையும் நாயும் கோழியும் அண்டாமல் காவலிருந்து, கட்டிலில் துணி விரித்து வெயிலில் காயவைப்பார்கள். மழைக்காலத்தில் வேலை இருக்காது, சோறும் இருக்காது. அப்போது காய்ந்த பூரியை நீரில் ஊறவைத்து, மிளகாயும் உப்பும் போட்டோ வெல்லம் சேர்த்தோ கொதிக்கவைத்து உண்பார்கள்.

ஊறவை, உப்பிடு, கொதிக்கவை என்று இதைக் கட்டளையாக எழுதிப் பார்த்தால் இது ஒரு செய்முறைதான். சிக்கனமும் பருவகால அறிவும் பாதுகாப்பு நுட்பமும் உள்ள செய்முறை. வத்தலும் வடகமும் உப்புக்கண்டமும் போடத் தெரிந்த எந்தப் பாட்டியும் ஒப்புக்கொள்வார். மூலப்பொருள் மட்டும் இன்னொருவர் இலையிலிருந்து வந்தது.

மராட்டியில் தயா பவாரின் ‘பலுதா’ 1978லும் சரண்குமார் லிம்பாலேயின் ‘அக்கர்மாஷி’ 1984லும் ஊர்மிளா பவாரின் ‘ஆய்தான்’ 2003லும் வந்தன. ஊர்ச் சேவகத்துக்கு ஈடாக மகர் குடும்பங்கள் வீடு வீடாகச் சென்று பெற்ற சோள ரொட்டி, செத்த மாட்டின் இறைச்சி, அது கிடைத்த நாளின் கொண்டாட்டம், அதைக் கீற்றுகளாக அரிந்து கொடியில் காயவைத்த முற்றம் என்று அந்தத் தலைமுறையின் எழுத்தில் உணவு இல்லாத பக்கத்தைக் காண்பது அரிது. சாகு பாட்டோலே 2015இல் மராட்டியில் எழுதிய நூல் இன்னும் நேரடியானது. உணவே பூரணப் பிரம்மம் என்பது மராட்டிய வீடுகளின் வழக்கு. அவர் தம் நூலுக்கு உணவு ‘அபூரண’ப் பிரம்மம் என்று பெயர் வைத்தார். மராத்வாடாவின் மகர், மாங் சமூகத்தாரின் சமையலறைகளைப் பதிவு செய்த அந்நூல் 2024இல் ஆங்கிலத்திலும் வந்தது.

விடச் சொன்னவரும் வனைபவரும்

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. அதைத் தவிர்த்துவிட்டு இந்தக் கலையைப் பாராட்டுவது நேர்மையாகாது.

மகாட் குளத்தில் தண்ணீர் குடித்ததற்கு முந்தைய மாநாட்டு உரையில் அம்பேத்கர் தம் மக்களிடம் கேட்டுக்கொண்டவற்றில் முக்கியமானது, செத்த மாட்டின் இறைச்சியையும் வீசியெறியும் எச்சிலையும் உண்பதை விட்டுவிடுங்கள் என்பது. விட்டார்கள். ஊர் ஊராக விட்டார்கள். அதற்காகச் சமூகப் புறக்கணிப்பையும் அடியையும் தாங்கினார்கள். அந்த மறுப்பே மகாராஷ்டிர தலித் இயக்கத்தின் அடித்தளங்களுள் ஒன்று. அப்படியிருக்க, பேரப் பிள்ளைகளின் தலைமுறையைச் சேர்ந்த ஒரு கலைஞர் அதே உணவைக் களிமண்ணில் வனைந்து, சுட்டு, அழியாமல் வைப்பது ஏன்? விட்டொழித்ததைத் திரும்ப எடுத்துக் காட்டுவது அவமானத்தை நீட்டிப்பதாகாதா?

தலித் குடும்பங்களுக்குள்ளேயே இந்தக் கேள்வி உண்டு. படித்து, வேலைக்குப் போய், நகரத்தில் குடியேறியவர்கள் பிள்ளைகளிடம் பழைய உணவைப் பற்றி வாய் திறப்பதில்லை. சமைப்பதும் இல்லை. பக்குவம் தெரிந்த மூதாட்டிகளோடு அது போய்விடுகிறது. போகட்டுமே என்பது ஒரு நிலை. ஆனால் உண்பதை விடுவது வேறு, நடந்ததை மறப்பது வேறு. வால்மீகியின் நூலில் திருமண வீட்டு வாசலில் நிற்கும் தாய், தன் பிள்ளைகளுக்கு இலையில் ஏதாவது போடுங்கள் என்று கேட்கிறாள். கூடை நிறைய எச்சில் கிடைத்திருக்கிறதே, இன்னும் என்ன என்று வீட்டுக்காரர் ஏளனம் செய்கிறார். அவள் கூடையை அங்கேயே கவிழ்க்கிறாள். மறுபடி அந்த வாசலுக்கு அவள் போகவேயில்லை. கூடைக்குள் என்ன இருந்தது என்பதை மறந்துவிட்டால், அவள் கவிழ்த்தது எதை என்பதும் மறந்துபோகும். களிமண் ரொட்டியை யாரும் தின்னப் போவதில்லை. அதன் வேலை அதுவல்ல.

இன்னொரு பக்கத்திலிருந்து அரசும் இந்தத் தட்டுக்குள் கை வைத்துவிட்டது. மகாராஷ்டிரத்தில் 1995இல் நிறைவேற்றப்பட்ட சட்டத் திருத்தத்துக்கு 20 ஆண்டுகள் கழித்து, 2015 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. பசுவோடு காளையையும் எருதையும் அறுப்பதும் குற்றமாயிற்று. அந்த இறைச்சியை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்றும் ஆயிற்று. வெளிமாநிலத்திலிருந்து கொண்டுவந்த இறைச்சியை வைத்திருப்பதைக் குற்றமாக்கிய பிரிவை 2016 மே மாதம் பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதே ஆண்டு ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் குடும்பத்தினர் காருடன் சேர்த்துக் கட்டப்பட்டு இரும்புக் கம்பிகளால் அடிக்கப்பட்டனர். தலைமுறை தலைமுறையாக எந்த வேலையைச் செய் என்று சொல்லி ஊருக்கு வெளியே வைத்தார்களோ, அந்த வேலையைச் செய்ததற்கே அடி. சுரேந்திரநகரில் தலித்துகள் செத்த மாடுகளை அரசு அலுவலகங்களின் முன் கொண்டுவந்து போட்டுவிட்டு, இனி நீங்களே அப்புறப்படுத்துங்கள் என்றனர்.

தலைநகரிலும் உணவு நீதிமன்றப் படியேறியது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் குழு 2012இல் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி விழா நடத்த அறிவித்தபோது, தில்லி உயர் நீதிமன்றம் செப்டம்பரில் தலையிட்டு அது நடக்காதபடி தடுத்தது. விட்டுவிடுங்கள் என்று தம்மவர் சொல்வதும், உண்ணக்கூடாது என்று அதிகாரத்தில் இருப்பவர் சொல்வதும் ஒன்றல்ல. முன்னது மானத்துக்காக, பின்னது மானத்தைப் பறிப்பதற்காக. ராஜ்யஸ்ரீயின் உணவுகள் இந்த இரண்டுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கின்றன. அதனாலேயே பார்ப்பவர் யாராயினும் அவற்றின் முன் சற்றுச் சங்கடப்பட வேண்டியிருக்கிறது.

தானியத்தின் ஏற்றம்

இயற்கை தந்த உணவிலும் படிநிலை உண்டு. அரிசியும் கோதுமையும் மேலே. சோளமும் கம்பும் காட்டுக் கீரையும் கீழே. மராட்டியத் தன்வரலாறுகளில் கோதுமை ரொட்டி பண்டிகைக்கு வரும் விருந்தாளி. வரகும் சாமையும் ‘முரட்டுத் தானியம்’ என்று அரசு ஆவணங்களிலேயே பெயர் பெற்றிருந்தன. இந்தியாவின் முன்மொழிவின்படி ஐ.நா. 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் காட்சி மாறியது. அந்த ஆண்டு செப்டம்பரில் தில்லி பாரத் மண்டபத்தில் ஜி-20 தலைவர்களுக்கு அளித்த விருந்தில் சிறுதானியங்களுக்கு முதன்மை இடம். விருந்து முழுவதும் சைவம்.

தானியத்துக்கு மரியாதை வந்ததில் யாருக்கும் வருத்தம் இருக்க முடியாது. எனினும், வறண்ட நிலத்தில் அதை விளைவித்து, வேறு வழியின்றி அதையே தின்று உயிர் வளர்த்தவர்களின் பெயர் அந்த விருந்துப் பட்டியலில் எங்கேயும் இல்லை. ஏழையின் தட்டிலிருந்து தானியம் மட்டும் மேலே ஏறியது. தட்டு அங்கேயே இருக்கிறது.

அடுக்குப் பானை

கோலாப்பூர்ப் பகுதியைச் சேர்ந்த பிரபாகர் காம்ப்ளே என்ற கலைஞர் 2022இல் கலை ஈராண்டு விழாக்களுள் முக்கியமான 12ஆவது பெர்லின் பியனாலேயில் ‘உதரண்ட்’ என்ற படைப்பை வைத்தார். மராட்டியக் கிராம வீடுகளில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி வைத்திருக்கும் பானை வரிசைக்கு அந்தப் பெயர். நம்மூர் அடுக்குப் பானையேதான். கீழே உள்ளது எல்லாவற்றையும் தாங்குகிறது. உச்சியில் உள்ளது எதையும் தாங்குவதில்லை. அடியில் உள்ளதை உருவினால் அத்தனையும் சரியும். அம்பேத்கர் படிநிலைச் சமத்துவமின்மை என்று சொன்னதை விளக்க இதைவிட எளிய பொருள் கிடைக்காது. அதுவும் மண்.

இந்த மண்ணைப் பிசையும் கைகளும் அடுக்கில் மேலே இல்லை. மேற்குத் தில்லியின் உத்தம் நகரில், பிரஜாபதி காலனி என்றும் குயவர் கிராமம் என்றும் அழைக்கப்படும் குடியிருப்பில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் சக்கரம் சுற்றுகின்றன. தீபாவளி அகல் முதல் திருமணக் குடம் வரை அங்கிருந்து போகிறது. குயவர் சமூகம் பெரும்பாலான மாநிலங்களில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலும், மத்தியப் பிரதேசத்தின் சில மாவட்டங்களில் மட்டும் பட்டியல் சாதியிலும் வைக்கப்பட்டிருக்கிறது. மாவட்ட எல்லையைத் தாண்டினால் சாதியின் சட்டத் தகுதி மாறிவிடும் விசித்திரம் அங்கே உண்டு. கலைக்கூடத்துக்குள் நுழையும் மண்பொருளுக்கு ‘செராமிக்’ என்று பெயர். வெளியே தெருவோரம் இருந்தால் அதன் பெயர் சட்டி. இந்தியச் சுடுமண் கலைக்கான முதல் மூவாண்டு விழா 2018இல் ஜெய்ப்பூரிலும் இரண்டாவது 2024இல் தில்லியிலும் நடந்தன. சட்டிக்கும் செராமிக்குக்கும் இடையே உள்ள இந்தத் தூரம் அத்தகைய அரங்குகளால் மட்டும் குறைந்துவிடாது. சாதியைப் பற்றிய படைப்புகளைப் பார்க்க வருவோரில் பெரும்பாலோர், எந்தக் குவளையில் குடிப்பது என்று ஒருநாளும் யோசித்திராதவர்கள் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

குவளையைப் பற்றி யோசித்தே ஆகவேண்டியவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். ராஜஸ்தானின் ஜாலோர் மாவட்டத்தில் சுரானா கிராமத்துத் தனியார் பள்ளியில் படித்த 9 வயது தலித் மாணவன் 2022 ஜூலை 20 அன்று ஆசிரியரால் அடிக்கப்பட்டான். ஆசிரியருக்கென்று வைத்திருந்த பானைத் தண்ணீரைத் தொட்டதற்காகவே அடித்தார் என்று குடும்பத்தினர் குற்றம்சாட்டினர். மருத்துவமனை மருத்துவமனையாக அலைந்து, ஆகஸ்ட் 13 அன்று, நாடு சுதந்திரத்தின் 75 ஆண்டு நிறைவைக் கொண்டாட இரண்டு நாள் இருக்கையில், அகமதாபாதில் அவன் இறந்தான். ஆசிரியர் கைது செய்யப்பட்டார். பள்ளியில் அப்படியொரு பானையே இல்லை, எல்லோரும் ஒரே தொட்டியில்தான் தண்ணீர் குடிக்கிறார்கள் என்றது பள்ளித் தரப்பு. விவாதம் சிறுவனை விட்டுப் பானைக்கு நகர்ந்தது. பல நாள்கள் செய்தியாளர்களும் அதிகாரிகளும் அந்த ஊரில் ஒரு மண்பானை இருந்ததா, இல்லையா என்றே தேடிக்கொண்டிருந்தார்கள்.